பிலிப் போக்கும் நினைவுக்குரியவர்

ஆசிரியருக்கு வணக்கம்.

முதல் உலகப் போரில் சுட்டுக் கொல்லப்பட்ட ஆங்கிலேயச் செவிலியர் எடித் கேவெல் பற்றி நிறைய எழுதுகிறார்கள். 1915 அக்டோபர் 12 அதிகாலையில் அவரோடு உயிரிழந்த பெல்ஜியக் கட்டடக் கலைஞர் பிலிப் போக் என்பவரை ஏன் விட்டுவிடுகிறார்கள்?

ஜெர்மனி ஆக்கிரமித்திருந்த பெல்ஜியத்தில், அதை எதிர்த்த நேச நாட்டு வீரர்களுக்கு அடைக்கலம் தந்து, ஹாலந்து எல்லைக்கு அனுப்பிவைத்ததுதான் இவர்கள் செய்த குற்றம். ஜெர்மன் ராணுவ நீதிமன்றம் 35 பேர் மீதான விசாரணையை இரண்டே நாளில் முடித்தது. அதுவும் பெல்ஜிய நாடாளுமன்றத்தின் செனட் மண்டபத்திலேயே! கேவெலை முன்கூட்டிச் சந்திக்கக்கூட அவருடைய வக்கீலை விடவில்லை. இதை விசாரணை என்றே சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

போக், 'லா லிப்ர் பெல்ஜிக்' என்ற ரகசியப் பத்திரிகையையும் விநியோகித்தவர். கைதான இரவில், கட்டுக்கட்டாக இருந்த பிரதிகளை மகள்கள் ஜன்னல் வழியே வீசினார்கள். ஒரு பத்திரிகைக்காகவும் துணிந்த அந்த மனிதரைப் பற்றித் தாங்கள் தனிக் கட்டுரை வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்