துணி மூட்டையோடு வந்த ஐயர்

ஹட்டன்

அன்புள்ள மகளுக்கு,

நேற்று நீ போனில் சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். பத்திரிகைக்காரிக்குத் தொழிற்சங்கப் பேச்சு எதற்கு என்று உன் ஆபீசில் கேட்டார்களாமே. பத்திரிகையும் தொழிற்சங்கமும் சேர்த்தே நடத்திய கோ. நடேசய்யர் காதில் விழுந்திருந்தால் சிரித்திருப்பார்.

தஞ்சாவூரில் வியாபாரிகளுக்காகப் பத்திரிகை நடத்திய மனிதர் அவர். இலங்கைக்கு வந்த இடத்தில் தேயிலைத் தோட்டத்து ஆட்களைப் பார்க்க ஆசைப்பட்டார். அந்தக் காலத்தில் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை அனுமதிக்காமல் வெளியாள் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் கால் வைக்க முடியாது. புடவை வியாபாரி மட்டும் போய் வரலாம். சரி என்று துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு புடவைக்காரராகவே உள்ளே போய்விட்டார். சீலையை விரித்துக் காட்டியபடியே சம்பளம் எவ்வளவு, ஆட்களை மேய்க்கிற கங்காணியிடம் கடன் எவ்வளவு என்று விசாரித்திருப்பார். தன் அம்மா அவரிடம்தான் சீலை வாங்கினாள் என்று உன் தாத்தா சொல்வார். எங்கள் லயத்தில் நாலு வீட்டில் இதே கதை உண்டு. அத்தனை சீலை விற்றிருந்தால் ஐயர் கடையே போட்டிருக்கலாம்!

அப்புறம் கொழும்பில் ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ என்று பத்திரிகைகள், கூடவே சட்டசபை. சிங்களத் தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்கவோடு சேர்ந்து தொழிலாளர் சங்கத்தில் உழைத்தார். வேலைக்குத் தட்டுப்பாடு வந்ததும் குணசிங்க இந்தியத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்ப, ஐயர் பிரிந்துவிட்டார். 1931-ல் தோட்டத் தொழிலாளருக்கென்றே தனிச் சங்கம் கண்டார். 1936-ல் நம் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குப் போனார். யாரோடும் நெடுநாள் ஒத்துப்போகிற ஆள் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

எனக்கென்னவோ அவர் மனைவி மீனாட்சியம்மாள்தான் பெரிய ஆள். எழுத்துக்கூட்டத் தெரியாதவர்களிடம் பத்திரிகையை நீட்டி என்ன செய்வது? அந்த அம்மா தோட்டத்து ஆட்களின் கஷ்டத்தைப் பாட்டாக எழுதி, கூட்டங்களில் தானே பாடினார். கொழுந்து பறிக்கிறவள் அதை மலையில் முணுமுணுத்தால் எந்தக் கங்காணி பிடுங்க முடியும்?

ஐயர் 1947-ல் காலமானார். மறுவருஷமே தோட்டத்து ஆட்களை நாடற்றவராக்கிய குடியுரிமைச் சட்டம் வந்தது. ஐயருக்கு வாக்குப் போட்ட உன் பூட்டன் நாடற்றவராகத்தான் கண்ணை மூடினார்.

ஆபீசில் சண்டை பிடிக்காதே. ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்துக்குக் கட்டுரை கேட்டால் மீனாட்சியம்மாளைப் பற்றி எழுதிக்கொடு. அம்மா ஒரு கிலோ தேயிலைத்தூள் கட்டி வைத்திருக்கிறாள், பக்கத்து வீட்டுப் பையன் வரும்போது கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா