வேலைக்குப் போகிறாயா என்று யாராவது கேளுங்கள்: மூன்று அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். கடலூர் மாவட்டத்தில் மருத்துவம், மாற்றுத்திறனாளிகள் நலன், வேலைவாய்ப்பு ஆகியவற்றைக் கவனிக்கும் உங்கள் மூவருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். தனித்தனியாக எழுதினால் "தங்கள் மனு தொடர்புடைய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்று போனில் ஒரு செய்தி வரும். அந்தச் செய்தி என்னிடம் ஏற்கெனவே மூன்று இருக்கிறது.

என் தம்பிக்கு 31 வயது. மனச்சிதைவு நோய்க்கு ஏழு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறான். போன வாரம் அவனை முந்திரிக் கம்பெனியில் நிறுத்திவிட்டார்கள். முதலாளியைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. "முழுசு, பாதி, குருணைன்னு பார்த்ததும் பிரிச்சுடுறான்மா, கையில தப்பே வராது. ஆனா எப்ப வருவான், எப்ப வரமாட்டான்னு தெரியலையே" என்றார். நியாயம்தானே?

ஏன் தெரியவில்லை என்று சொல்கிறேன். ராத்திரி பத்து மணிக்கு மாத்திரை. காலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் நெல்லிக்குப்பம் வருவதற்குள் தூங்கிவிடுவான். இறங்க வேண்டிய இடம் தாண்டி, பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் தட்டி எழுப்புவார். இன்னொரு டிக்கெட்டுக்குக் காசு எடுத்துப்போகும் பழக்கம் அவனுக்குக் கிடையாது, வெயிலில் நடந்தே திரும்பி வருவான். ஒன்பது மணி வேலைக்குப் பத்தேகாலுக்குப் போய் நிற்பான். வாரத்தில் இரண்டு நாளாவது இப்படி. அப்புறம் மாதத்தில் ஒரு நாள் மருந்து வாங்கும் நாள். அது எப்போதும் வேலை நாளாகத்தான் வரும். சீட்டு, டாக்டர், மருந்து வரிசை என்று வெளியே வர மதியம் ஒன்றரை ஆகும். தினக்கூலிக்காரனுக்கு அரை நாள் லீவெல்லாம் ஏது? அன்றைய கூலி போச்சு.

கடைசியில் நானே டாக்டரிடம் கேட்டேன், ராத்திரி மாத்திரையைக் கொஞ்சம் முன்னால் கொடுக்கலாமா என்று. "வேலைக்குப் போறாரா? முதல்லயே சொல்லியிருக்கலாமே!" என்றார். ஏழு மணிக்கு மாற்றி எழுதினார். அந்த வாரமே பஸ் தூக்கம் நின்றது. ஆனால் அதற்குள் கம்பெனியில் பொறுமை தீர்ந்துவிட்டது. டாக்டர் நல்லவர்தான். அவனுடைய ஓ.பி. நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். தூக்கம், பசி, காதில் குரல் கேட்கிறதா, மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா. ஏழு வருடத்தில் வேலை என்ற சொல் ஒரு பக்கத்திலும் இல்லை.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. மனநலப் பிரிவில் டாக்டரோடும் நர்ஸோடும் கூட உட்கார ஒரு வேலைத் துணையாளரைப் போடுங்கள். ஜாப் கோச் என்கிறார்களே, அவர்தான். காலையில் ஓ.பி.யில் இருப்பார், மதியம் கம்பெனிக்கு ஒரு நடை போய் வருவார். மாத்திரை நேரத்தை டாக்டரிடமும், மருந்து நாளை முதலாளியிடமும் அவர் பேசுவார். இப்போது அந்த வேலையைத் தையல் மிஷினை மூடி வைத்துவிட்டு நான் பார்க்கிறேன்.

நானாக யோசித்துச் சொல்வதல்ல இது. சமூகப்பணி படிக்கும் என் மகள் எடுத்துக் கொடுத்தாள். பயிற்சி முடித்த பிறகுதான் வேலை என்ற வரிசையை அமெரிக்காவில் 1990களிலேயே மாற்றிவிட்டார்கள். முதலில் வேலை, பயிற்சியும் துணையும் அந்த வேலையிலேயே. லண்டன், சூரிச் உட்பட ஐரோப்பாவின் ஆறு நகரங்களில் தீவிர மனநோய் உள்ள 312 பேரிடம் இதைச் சோதித்தார்கள். முடிவு 2007இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. 18 மாதத்தில் ஒரு நாளாவது சம்பள வேலை பார்த்தவர்கள் இந்த வழியில் 55 சதவீதம், வழக்கமான பயிற்சிக்குப் போனவர்களில் 28 சதவீதம். ஒரு நாள் வேலையெல்லாம் ஒரு கணக்கா என்று கேட்பீர்கள். வருடக்கணக்காக வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவனுக்கு அது கணக்குதான். மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தவர்களும் இந்த வழியில் குறைவு. மருத்துவத்தைக் கவனிக்கும் அதிகாரி இந்த வரியை மட்டுமாவது இரண்டு முறை படிக்க வேண்டும்.

சட்டம் இல்லாமலும் இல்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் மனநோயும் உண்டு. ஆனால் வேலை முகாமில் என் தம்பியைப் பார்த்து, "கை கால் நல்லாத்தானே இருக்கு, இங்க எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டார்கள். உதவித்தொகை கேட்டுப் போன இடத்தில், "வேலைக்குப் போறவருக்கு உதவித்தொகை எதுக்கு?" என்றார்கள். காட்டியது ஒரே அடையாள அட்டையைத்தான். ஒரு மேசையில் எல்லாம் முடிந்தவன், இன்னொரு மேசையில் ஒன்றும் முடியாதவன் என்று நிரூபிக்க வேண்டுமென்றால் அவனுக்கு நோய் கூடாமல் என்ன செய்யும்?

டிசம்பர் 3 வந்தால் பந்தல் போடுவீர்கள். மூன்று சக்கர வண்டிகளை வரிசையாக நிறுத்தி, சாவி கொடுத்துப் படம் எடுப்பீர்கள். கொடுங்கள், வேண்டியவர்களுக்கு அது கால் மாதிரி. எங்கள் ஆள் விஷயத்தில் படம் எடுக்க ஒன்றும் இருக்காது. ஒருவன் பஸ்ஸில் தூங்காமல் போய் இறங்குவதை எந்தப் பந்தலில் வைத்துக் காட்டுவது?

கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முதல் வாரக் கூலியில் அவன் தன் போனுக்குத் தானே ரீசார்ஜ் செய்துகொண்டான். அத்தனை வருடமும் நான்தான் போட்டுவிடுவேன். அதை நினைத்தால்தான் கோபம் வருகிறது.

மறுபடியும் பணிவோடு கேட்கிறேன். மூன்று பேரும் ஒருமுறை ஒரே மேசையில் உட்காருங்கள். மனநலப் பிரிவுக்கு ஒரு வேலைத் துணையாளர், யாருடைய நிதியில் என்பதை அங்கேயே பேசி முடியுங்கள். "பேசுறதுக்கு ஒரு ஆள் இருந்தா நாளைக்கே வரச் சொல்றேன்மா" என்று முதலாளி சொல்லியிருக்கிறார். அந்த ஆளைத் தயவுசெய்து அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
ஓர் அக்கா,
கடலூர் முதுநகர்