விழுந்துவிடாதே என்று சொன்னவன் நான்

அன்புள்ள மகளுக்கு,

தம்பி ஓடிய சிறப்பு ஒலிம்பிக்கைப் பற்றி, அதாவது அவனைப் போல அறிவுசார் குறைபாடுள்ளவர்களுக்கான போட்டியைப் பற்றி, போன வாரம் போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "எல்லோருக்கும் ஏதாவது ஒன்றைக் கழுத்தில் மாட்டி அனுப்புகிறார்கள், இதற்குப் போட்டி என்று பெயர் எதற்கு அப்பா?" என்றாய். தம்பியை யாரும் ஏமாற்றிவிடக் கூடாது என்ற அக்கறையில் கேட்டாய், தெரியும். நானும் இரண்டு வருடம் அதே நினைப்போடுதான் மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அவன் ரிப்பனோடு வந்தான் என்று மட்டும் உன்னிடம் சொன்னோம். அது தகுதிநீக்கம் ஆனவனுக்குத் தரும் பங்கேற்பு ரிப்பன். காரணம் நான்.

சிறப்பு ஒலிம்பிக் முறையில் முதலில் ஒரு தகுதிச் சுற்று ஓட வேண்டும். அந்த நேரத்தையும் வயதையும், ஆணா பெண்ணா என்பதையும் பார்த்து, ஏறக்குறைய ஒரே வேகமுள்ளவர்களாக மூன்று முதல் எட்டுப் பேரை ஒரு பிரிவில் சேர்ப்பார்கள். 100 மீட்டரை 15 நொடியில் முடிப்பவனும் 40 நொடியில் முடிப்பவனும் ஒரே வரிசையில் நிற்க மாட்டார்கள். இருவரும் அவரவர் பிரிவில் தங்கம் வாங்கலாம். பதக்கம் நிறைய இருப்பது அதனால்தான். பிரிவுக்குள்ளே முதல் மூன்று இடத்துக்குத்தான் பதக்கம், மற்றவர்களுக்கு ரிப்பன்.

தகுதிச் சுற்றில் வேண்டுமென்றே மெதுவாக ஓடி எளிய பிரிவில் நுழைந்துகொண்டால்? அதற்கும் விதி உண்டு. இறுதிப் போட்டியில் 15 சதவீதத்துக்கு மேல் வேகம் கூடினால் தகுதிநீக்கம் செய்யலாம். கடுமைதான், ஆனால் தேவையில்லாத கடுமை என்று சொல்ல முடியவில்லை. இது வேறு அமைப்பில் நடந்தது: 2000இல் சிட்னி பாராலிம்பிக்கில் அறிவுசார் குறைபாடுள்ளோர் கூடைப்பந்தில் தங்கம் வென்ற ஸ்பெயின் அணியின் 12 பேரில் 10 பேருக்குக் குறைபாடே இல்லை. அந்தப் பித்தலாட்டத்தால் உண்மையான வீரர்களுக்கு 2012 லண்டன் வரை பாராலிம்பிக்கின் கதவு மூடிக் கிடந்தது.

உன் தம்பிக்குப் பித்தலாட்டம் தெரியாது. "மெதுவாக ஓடு, விழுந்துவிடாதே" என்று காலையில் பத்துத் தடவை ஓதினேன். சொன்ன பேச்சைக் கேட்டான்: 24 நொடி. மாலை இறுதிப் போட்டியின்போது நான் தண்ணீர் எடுக்கப் போயிருந்தேன், ஓத ஆளில்லை. 19 நொடி! கையை உயர்த்திக்கொண்டு நின்றவனிடம் நடுவர் வந்து ஏதோ சொன்னார்.

பயிற்சியாளர் கோபப்படவில்லை. "இவன் 20 நொடிக்குள் ஓடுவான் என்று முன்பே எழுதிக் கொடுத்திருக்க வேண்டியது என் வேலை, விட்டுவிட்டேன்" என்றவர், சற்றுப் பொறுத்து, "இவனை எத்தனை வருடமாக மெதுவாக ஓடச் சொல்கிறீர்கள், சார்?" என்று கேட்டார். இருபத்தாறு வருடம் என்று சொல்ல வாய் வரவில்லை. அவன் அழுதான், கொஞ்ச நேரம்தான். அதற்குப் பிறகு பார்த்தவர்களிடமெல்லாம் "பத்தொன்பது" என்கிறான். நாள்காட்டியிலும் எழுதி வைத்திருக்கிறான்.

இதையெல்லாம் தொடங்கி வைத்தவரே ஒரு சகோதரிதான். யூனிஸ் கென்னடி ஷ்ரைவரின் அக்கா ரோஸ்மேரிக்கு அறிவுசார் குறைபாடு. 1962இல் யூனிஸ் தன் வீட்டு வளாகத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு முகாம் நடத்தினார். 1968இல் சிகாகோவில் முதல் போட்டிகள் நடந்தன.

சகோதரி என்றதும் நீதான் நினைவுக்கு வந்தாய். இங்கே கூட்டுக் கூடைப்பந்து அணி ஒன்று சேர்க்கிறார்கள். களத்தில் இறங்கும் ஐவரில் மூவர் தம்பியைப் போன்றவர்கள், இருவர் உன்னைப் போன்றவர்கள். பந்தை நீயே வைத்துக்கொண்டு வித்தை காட்டக் கூடாது, அதற்கும் விதி இருக்கிறது. கல்லூரியில் ஆடியவள் நீ, அதுதான் உனக்குக் கஷ்டமாக இருக்கும்.

விடுமுறைக்கு வரும்போது பயிற்சிக்கு வருவாயா? பெயர் கொடுக்கட்டுமா? அவனிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் நீ வந்து சேரும் வரை எங்களைத் தூங்க விடமாட்டான்.

அன்புடன்,
அப்பா