ஒன்றரை கியூபும் கால் வெள்ளமும்

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தால் மழை, மழை விட்டால் கான்கிரீட், கான்கிரீட் முடிந்தால் தூக்கம். இன்று ஞாயிறு. மிக்ஸர் நிற்கிறது, நான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் நிலாவுக்கு என் வாழ்த்து. ஜேஇஇ தேர்வில் 94.6 பெர்சென்டைல் என்றதும் உன் மாமியார் "மிச்சம் அஞ்சு மார்க்க எங்கடி விட்ட?" என்று கேட்டாராமே, அதைப் படித்துவிட்டு ஆபீஸ் ரூமில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். அவரிடம் இப்படிச் சொல்லிப் பார்: இது மார்க் இல்லை, வரிசையில் நிற்கிற இடம். நூறு பேரை நிறுத்தினால் நிலாவுக்குப் பின்னால் தொண்ணூற்று நாலு பேர். முன்னால் நிற்பது அஞ்சு பேர்தான் என்று சொல்லி நிறுத்திக்கொள். பன்னிரண்டு லட்சம் பேர் எழுதிய தேர்வில் அந்த அஞ்சு பேர் சுமார் 65,000 பேராகிவிடுவார்கள் என்பதை அவரிடம் சொல்ல வேண்டாம். அந்தக் கூட்டத்தில் ஒரு தசமம் என்பதே 1,200 பேர். ஜேஇஇ ரிசல்ட்டில் ஏழு தசமம் வரை அச்சடிப்பது சும்மா இல்லை.

"நாங்கள்தான் சர்வர் தாமதத்துக்கு பி99, பி95 (99-வது, 95-வது பெர்சென்டைல்) என்று அழுதுகொண்டிருக்கிறோம், உனக்கு சிமெண்டும் கம்பியும், நிம்மதி" என்று எழுதியிருந்தாய். அடிப்பாவி. நீ பிழைக்கிற அதே கணக்கில்தான் நானும் பிழைக்கிறேன்.

எம்25 கான்கிரீட் என்று கேள்விப்பட்டிருப்பாய். 25 என்பது (சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்ற கணக்கில்) சராசரி பலம் என்று பாதிப் பேர் நினைக்கிறார்கள், சில கான்ட்ராக்டர்கள் உட்பட. சராசரி 25 வந்தால், உடைத்துப் பார்க்க வார்க்கிற கான்கிரீட் கட்டிகளில், அதாவது கியூப்களில், பாதி தோற்றுப்போகும். கான்கிரீட்டுக்கான இந்திய விதிநூல் ஐஎஸ் 456 சொல்வது வேறு: எடுக்கிற சோதனைகளில் 100-க்கு 5-க்கு மேல் 25-க்குக் கீழே போகக்கூடாது. ஆக 25 என்பது ஐந்தாவது பெர்சென்டைல். உன் பி5. நீங்கள் மேல் ஓரத்தைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள், நாங்கள் கீழ் ஓரத்தைப் பார்த்து.

சரி, அந்த ஐந்தாவது இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? சைட்டில் குறைந்தது 30 சாம்பிள் எடுத்தால்தான் எங்களுக்கென்று ஒரு திட்டவிலக்கம், அதாவது நம்பர்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு, சொல்ல முடியும். ஆனால் 30-ல் 5 சதவீதம் என்றால் ஒன்றரை சாம்பிள். ஒன்றரை கியூபை வைத்துக்கொண்டு யார் என்ன சொல்ல? அதனால்தான் மாடல். கியூப் பலம் மணி வடிவத்தில் பரவும் என்று எடுத்துக்கொண்டு, சராசரியிலிருந்து 1.65 மடங்கு திட்டவிலக்கத்தைக் கழிக்கிறோம். முப்பது சாம்பிளும் சேர்ந்து அந்த ஒன்றரைக்குச் சாட்சி சொல்கின்றன. எம்25-க்கு ஆரம்பத்தில் திட்டவிலக்கம் 4 என்று வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். 1.65-ஐ 4-ஆல் பெருக்கினால் 6.6. அதாவது சராசரியை 31.6-க்குக் குறிவைத்துக் கலக்க வேண்டும். 25 வேண்டும் என்பதற்காக 31.6. அந்த 6.6-க்கான சிமெண்ட் முழுவதும் நம் தடுமாற்றத்துக்குக் கட்டுகிற அபராதம்.

போன வருடம் ஒரு அடுக்குமாடி சைட்டில் இருந்தேனே, அங்கே நடந்ததை உனக்குச் சொல்லவே இல்லை. சேர்ந்த முதல் வாரம் கியூப் ரெஜிஸ்டரை வாங்கிப் புரட்டினேன். நீல மசி, அழகான கையெழுத்து. 31.4, 31.8, 31.2, 31.6, 31.4... நாற்பது சாம்பிள், ஒன்றுகூட 31-க்குக் கீழே இல்லை, 32-க்கு மேலே இல்லை. கால்குலேட்டரில் போட்டேன், திட்டவிலக்கம் 0.3. மாலதி, கான்கிரீட் அப்படி நடந்துகொள்ளாது. நாம் ஹாஸ்டலில் ஒரே பாத்திரத்தில் வைத்த சாம்பார் நாற்பது நாளும் ஒரே ருசியாக இருந்ததா? கல்லும் மணலும் தண்ணீரும் மனிதக் கையும் சேர்கிற எதற்கும் 0.3 வராது. சராசரியில் பொய் சொல்லத் தெரிந்த பையனுக்குச் சிதறலில் பொய் சொல்லத் தெரியவில்லை.

லேப் பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். இருபத்திரண்டு வயசு இருக்கும். முதலில் தரையைப் பார்த்தான். அப்புறம் சொல்லிவிட்டான். கியூபைத் தனியாகக் கலந்து, கைப்பிடி சிமெண்ட் கூடப் போட்டு வார்ப்பார்களாம். பாதி நாள் அதுவும் கிடையாது, மெஷினில் வைக்காமலே நம்பர் எழுதிவிடுவானாம். "மேடம், குறைஞ்சா பில் நிக்கும்னு சொன்னாங்க."

அடுத்த இரண்டு மாதம் எந்த லோடிலிருந்து எடுப்பது என்பதை நான் சொன்னேன், உடைக்கிறபோது பக்கத்தில் நின்றேன். ஒரு கியூப் எட்டு கிலோ. 15 சென்டிமீட்டர் சதுரக் கட்டி. மெஷினின் இரண்டு தட்டுக்கு நடுவே வைத்து லோடு ஏற்றினால் முள் மெதுவாக ஏறும், 500 கிலோநியூட்டன், 600. ஓரங்களில் பொடி உதிரும். அப்புறம் 'டப்' என்று ஒரு சத்தம், முள் விழும். பக்கங்கள் நாலும் உதிர்ந்து, நடுவில் உடுக்கை மாதிரி ஒரு துண்டு நிற்கும். எம்25-க்கு 562 கிலோநியூட்டனைத் தாண்ட வேண்டும். முள் 540-ல் தயங்கும்போது எனக்கு வயிற்றைப் பிசையும், இத்தனை வருடம் கழித்தும்.

இந்தத் தடவை வந்த நம்பர்கள் அழகாக இல்லை. 27.1, 38.4, 30.2, 34.9, 24.3... சராசரி 32.8, திட்டவிலக்கம் 4.6. 1.65-ஆல் பெருக்கிக் கழித்தால் 25.2. பாஸ்! நூலிழையில் என்றாலும் பாஸ். அத்தனை பொய்க்கும் அவசியமே இருந்திருக்கவில்லை. எனக்குக் கோபம் வந்ததா, சிரிப்பு வந்ததா என்று இன்னும் தெரியவில்லை.

4.6 ஏன் என்று தேடியபோது பெரிய மர்மம் எதுவும் இல்லை. எம்-சாண்ட் திறந்த வெளியில் கிடக்கும். இரவு மழை பெய்தால் காலையில் மணலிலேயே தண்ணீர் இருக்கும், ஆனால் பிளாண்டில் வழக்கமான தண்ணீரையும் ஊற்றிவிடுவார்கள். மதியத்துக்குள் மணல் காய்ந்துவிடும், கலவை இறுகும், வண்டிக்காரர் குழாயைத் திறந்து தன் பங்குக்குக் கொஞ்சம் ஊற்றுவார். தார்ப்பாய் போட்டு மூடினோம். காலையில் ஒரு கை மணலை வாணலியில் வறுத்து, முன்னும் பின்னும் எடை போட்டு ஈரத்தைக் கணக்கெடுத்தோம். இரண்டே மாதத்தில் திட்டவிலக்கம் 3.4-க்கு வந்தது. குறி 31.6-லிருந்து 30.6-க்கு இறங்கியது. ஒரு தார்ப்பாய், ஒரு வாணலி, ஒரு தராசு. மிச்சமான சிமெண்ட் எத்தனை மூட்டை என்று கணக்குப் பார்த்தவுடன், அதுவரை என்னைக் கண்டாலே முகம் சுளித்த கான்ட்ராக்டர் டீ வாங்கிக் கொடுத்தார்.

உங்கள் மேனேஜர் பத்து சர்வரின் பி99-களைக் கூட்டிப் பத்தால் வகுத்து அறிக்கை போடுகிறார் என்று புலம்பியிருந்தாய். அவரிடம் நிலாவின் வரிசையைச் சொல். பத்துப் பள்ளிக்கூடத்தில் வரிசையில் ஐந்தாவதாக நிற்கிற பிள்ளைகளின் மார்க்கைச் சராசரி எடுத்தால், எல்லாப் பள்ளியையும் ஒன்றாக நிறுத்தும்போது ஐந்தாவது வருகிறவரின் மார்க் கிடைத்துவிடுமா? மூல நம்பர்களைக் கொட்டி, மறுபடி அடுக்கித்தான் பார்க்க வேண்டும். வேறு குறுக்குவழி இல்லை.

இப்போது இருக்கிற வேலை தேனிப் பக்கம், ஒரு காட்டாற்றின் மேல் பாலம். வருடத்தில் பத்து மாதம் ஆடு மேய்கிற ஆறு. டிசைன் நூறு வருட வெள்ளத்துக்கு. இந்தப் பெயரை வைத்தவரை நான் மன்னிக்கவே மாட்டேன். நூறு வருடத்துக்கு ஒரு முறைதான் வரும் என்று ஊரே நினைக்கிறது. வருடத்தின் மிகப்பெரிய வெள்ளத்தை மட்டும் எடுத்து அடுக்கினால் அதில் 99-வது பெர்சென்டைல், அவ்வளவுதான். எந்த வருடமும் நூற்றில் ஒரு வாய்ப்பு. முப்பது வருடத்தில் ஒரு முறையாவது வர 26 சதவீதம், நூறு வருடத்தில் 63 சதவீதம். 63 என்றதும் உனக்கு மணி அடிக்கிறதா? ஒரு வலைப்பக்கம் திறக்க நூறு சர்வரைக் கேட்க வேண்டும், ஒவ்வொன்றும் நூற்றில் ஒரு முறை தாமதிக்கும் என்றால், நூறு பேரில் 63 பேருக்குப் பக்கம் தாமதமாகும் என்று நீ போன வருடம் சொன்னாயே, அதே 63. 0.99-ஐ நூறு முறை பெருக்கி ஒன்றிலிருந்து கழித்தது. உன் சர்வர்கள் என் வருடங்கள்.

ஆனால் உனக்கு ஒரு நிமிடத்துக்கு லட்சம் ரிக்வெஸ்ட் வரும். உன் 99-ஐ நீ எண்ணியே பார்த்துவிடலாம். எனக்கு இருப்பது 28 வருடப் பதிவு. 28-ல் ஒரு சதவீதம் என்றால் கால் வெள்ளம். கால் வெள்ளத்தை வைத்துப் பாலத்தின் உயரத்தைச் சொல்ல வேண்டும். இங்கே மாடல் துணைக்கு வரவில்லை, மாடல்தான் எல்லாமே. சராசரி வினாடிக்கு 200 கன மீட்டர், திட்டவிலக்கம் 80 என்று வைத்துக்கொள். மணி வடிவத்தை நம்பினால் 99-வது இடம் 2.33 மடங்கு தள்ளி, 386. உச்ச அளவுகளுக்கென்றே இருக்கிற கம்பெல் பரவலை நம்பினால் 3.14 மடங்கு தள்ளி, 451. அதே ஆறு, அதே பதிவு, அதே 99.

அந்த கம்பெல் ஒரு சுவாரசியமான ஆள், தெரியுமா? எமில் கம்பெல், ஜெர்மன் கணிதப் பேராசிரியர். 1922-ல் தன் நாட்டில் நடந்த அரசியல் கொலைகளை ஒவ்வொன்றாக எண்ணி வெளியிட்டார்: வலதுசாரிகள் செய்தது 354, இடதுசாரிகள் செய்தது 22, தண்டனையோ தலைகீழ். 1932-ல் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் வேலை போயிற்று. பிரான்ஸ், அப்புறம் அமெரிக்கா. எண்ணுவதற்கு அஞ்சாதவர். ரெஜிஸ்டரில் 31.4, 31.6 என்று பார்க்கும்போதெல்லாம் அவர் ஞாபகம் வரும்.

எங்கள் கன்சல்டன்ட் கம்பெல் முறையில்தான் போட்டிருக்கிறார், குறை சொல்ல முடியாது. ஆனால் போன வாரம் ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் வந்து, கரையோரம் இருக்கிற கருப்பசாமி கோயில் படியைக் காட்டினார். "எங்கப்பன் காலத்துல இந்தப் படி வரைக்கும் தண்ணி நின்னுச்சு தாயி." நேற்று மட்டக்கோலைப் பிடித்துப் பார்த்தேன். டிசைனில் இருக்கிற வெள்ள மட்டத்தைவிட அந்தப் படி 40 சென்டிமீட்டர் மேலே இருக்கிறது. 28 வருடப் பதிவில் அந்த வெள்ளம் இல்லை, பதிவு தொடங்கியதே அதற்கு அப்புறம்தான். பாலத்தின் அடிக்கும் வெள்ளத்துக்கும் நடுவே 1.2 மீட்டர் விட்டிருக்கிறார்கள், அதில் 40 சென்டிமீட்டரை ஒரு கிழவரின் ஞாபகம் தின்றுவிட்டது. அவர் தகப்பனார் சொன்னது சரிதானா, அன்று ஆற்றின் படுகை இப்போதைய மட்டத்தில்தான் இருந்ததா, தெரியாது. எழுதி அனுப்பியிருக்கிறேன். வியாழக்கிழமை கன்சல்டன்ட் நேரில் வருகிறார். அன்றைக்குப் பெரியவரை மேய்ச்சலுக்குப் போகவிடாமல் பிடித்து வைப்பதுதான் இப்போது என் முக்கியமான வேலை.

பொங்கலுக்கு நான்கு நாள் லீவு கிடைக்கும் போலிருக்கிறது. பெங்களூர் வர எனக்குத் தெம்பில்லை, நீயே நிலாவைக் கூட்டிக்கொண்டு வா. வரும்போது அந்த மல்லேஸ்வரம் கடைக் காபிப்பொடி அரைக் கிலோ. வார்த்து 28 நாள் முடிகிற கியூப் ஆறு இருக்கும், அவள் கையாலேயே மெஷினை ஓட்டட்டும். உன் மாமியார் வந்தாலும் சரி, பெர்சென்டைலை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
கனகா