கரையைக் கடந்த பிறகுதான் எங்களுக்குப் புயல்

உள் மாவட்டங்களில் பேரிடர் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடிப் பக்கத்துக்காரன். 2018 நவம்பர் 15 ராத்திரி, கஜா புயல் வருகிறது என்று டிவி முழுக்க வேதாரண்யமும் நாகப்பட்டினமும்தான். கடல் எங்கேயோ இருக்கிறது, நமக்கு மழை பெய்யும், அவ்வளவுதான் என்று படுத்துவிட்டோம். கஜா கரையைக் கடந்துவிட்டது என்று செய்தி வந்த நேரத்தில் எங்கள் தெருவில் ஓடு பறக்க ஆரம்பித்தது. விடிந்து பார்த்தால், அப்பா வைத்த தென்னந்தோப்பு தரையில் கிடந்தது.

மரம் போனதுகூட அப்புறம்தான் உறைத்தது. முதலில் வதைத்தது தண்ணீர். எங்கள் ஊரில் எல்லாமே போர்வெல். கரண்ட் இல்லை என்றால் மோட்டார் இல்லை, மோட்டார் இல்லை என்றால் குடிக்கத் தண்ணீர் இல்லை. டிராக்டரில் ஜெனரேட்டர் ஏற்றி வந்து, மணிக்கணக்கில் வாடகை வாங்கிக்கொண்டு தொட்டி நிரப்பினார்கள். பணம் இல்லாதவர்கள் குடத்தோடு காத்து நின்றார்கள். கஜாவில் சாய்ந்த மின்கம்பங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர மூன்று வாரம் ஆனது.

நிலத்துக்கு வந்த புயலுக்குக் கடலின் சூடும் ஈரமும் கிடைக்காது, அதனால் வலு குறையும். சரிதான். ஆனால் காற்று அடங்கச் சில மணி நேரம் ஆகும், மழை அதற்குப் பிறகும் நிற்காது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் திருவண்ணாமலையில் மண் சரிந்து ஒரே வீட்டில் குழந்தைகள் உட்பட 7 பேர் புதைந்து போனார்கள். கடலே இல்லாத கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கியது, அதுவும் ஊர் உறங்குகிற நேரத்தில்.

அதனால் கேட்கிறேன். கரையைக் கடந்ததோடு எச்சரிக்கையை முடித்துவிடாதீர்கள். அடுத்து எந்தத் தாலுகாவுக்கு, எத்தனை மணிக்கு, காற்றா மழையா என்று சொல்லுங்கள். செல்போனுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் போதும் என்று இருந்துவிட முடியாது. டவர் செத்துவிட்டால் அது யாருக்கும் வராது. தண்டோராவும், பேட்டரியில் ஓடும் கோயில் மைக்கும் வேண்டும். மேல்நிலைத் தொட்டியைப் புயலுக்கு முந்தின நாளே நிரப்பி வைக்கச் சொல்லுங்கள். ஊராட்சிக்கு ஒரு ஜெனரேட்டராவது அரசுச் செலவில் நிற்கட்டும்.

அக்டோபர் 2 கிராமசபையில் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். குடிசையிலும் தகர ஷீட் வீட்டிலும் இருப்பவர்கள் யார், படுத்த படுக்கையாய் இருப்பவர் எந்த வீட்டில், மரம் அறுக்கிற மிஷின் யாரிடம் இருக்கிறது, பள்ளிக்கூடத்துச் சாவி ராத்திரியில் யார் கையில் இருக்கும் என்று அங்கேயே பெயர் பெயராக எழுதி வாங்கிவிடலாம். எங்கள் ஊரில் எழுத நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஆலங்குடிப் பக்கத்துத் தென்னை விவசாயி