தகட்டில் ஓர் ஓட்டை

அன்புள்ள முரளி,

பதில் போடத் தாமதமாகிவிட்டது. திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லாரும் நலம். வாத்தியார் இன்னமும் "மெஷ் எங்கே?" என்று கேட்டுத்தான் போனை எடுக்கிறார்.

மின்காந்தக் கணக்கில் காற்றுக்கெல்லாம் மெஷ் (இடத்தைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் வலை) போட்டே காலத்தை ஓட்டிய நீயும் ஒருவழியாக எல்லை உறுப்பு முறைக்கு வந்துவிட்டாய்! கடத்தியின் மேற்பரப்பு மட்டும் போதும், வெளியே முடிவிலி வரைக்கும் கிரீன் சார்பு (ஒரு புள்ளி மூலத்தின் விளைவைச் சொல்லும் சார்பு) பார்த்துக்கொள்ளும் என்று நான் சொன்னபோது சிரித்தவன் நீ. நினைவகம் போதவில்லை என்ற புலம்பலும் நியாயம்தான். 20,000 மாறிகள் என்றால் அணியில் 40 கோடி சிக்கலெண்கள். ஒவ்வொன்றும் 16 பைட், ஆக 6.4 ஜிபி. கிரீன்கார்டும் ரொக்லினும் 1987லேயே வழி காட்டிவிட்டார்கள், தூரத்து உறுப்புகளைத் தொகுத்துக் கணக்கிடும் அவர்களுடைய வேக மல்டிபோல் முறையைச் சேர்த்துக்கொள்.

அது கிடக்கட்டும். நீ அனுப்பிய டீம் 7 (நிரல்களைச் சோதிக்க வைத்திருக்கும் பொதுக் கணக்கு) படம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. 19 மி.மீ. அலுமினியத் தகடு, நடுவை விட்டுத் தள்ளி ஒரு சதுர ஓட்டை. மாறும் காந்தப்புலம் தகட்டில் தூண்டும் சுழல் மின்னோட்டம் அங்கங்கே அழகாகச் சுழல்கிறது, ஆனால் ஓட்டையை முழுதாகச் சுற்றி ஓடுவதாகத் தெரியவில்லையே! தகட்டுக்கு வெளியே காந்தப்புலத்துக்கு ஸ்கேலார் பொட்டென்ஷியல்தானே (புள்ளிக்கு ஓர் எண்) வைத்திருக்கிறாய்? ஓட்டைக்குள் நுழைந்து தகட்டின் விளிம்பைச் சுற்றித் திரும்பினால், ஆம்பியர் விதிப்படி, நடுவில் ஓடும் மின்னோட்டத்தின் அளவுக்குப் பொட்டென்ஷியல் மாறியிருக்க வேண்டும். அந்த மாற்றத்துக்கு இடம்கொடுக்கும் வெட்டுப்பரப்பு ஒன்றைப் போடாவிட்டால் அது பழைய மதிப்புக்கே வந்து நிற்கும். அதாவது, ஓட்டையைச் சுற்றிய நிகர மின்னோட்டம் சுழி என்று நீயே கட்டளை போட்டதாகிவிடும். நிரல் முணுமுணுக்காது, விடையும் வழவழவென்றுதான் இருக்கும். எனக்குப் பயமே அதுதான்.

கோளக் கடத்தியில் சோதித்தபோது சரியாக வந்தது என்கிறாய். வரும், கோளத்தில் ஏது ஓட்டை?

ஓட்டையிலிருந்து வெளி விளிம்பு வரை ஒரு குறுக்குவெட்டு எடுத்து மின்னோட்டத்தைத் தொகையிடு. மெய்ப்பகுதி, கற்பனைப்பகுதி இரண்டும் சுழிக்குப் பக்கத்தில் நின்றால் சந்தேகமே வேண்டாம். வெட்டை ஓட்டையின் குறுக்கே எங்கு வைத்தாலும் சரி. வெட்டைக் கடக்கும்போது பொட்டென்ஷியல் தாவும் அளவு ஒரு புது மாறி, அதற்கு ஓட்டையைச் சுற்றி ஃபாரடே விதி ஒரு சமன்பாடு. அப்புறம் 50, 200 ஹெர்ட்ஸ் இரண்டிலும் அளவீடுகளோடு ஒப்பிடு, ஒன்றோடு நிறுத்திவிடாதே.

இந்தக் கணக்கை வைத்து எழுதிய அறிக்கையை அதற்குமுன் யாருக்கும் அனுப்பித் தொலைக்காதே. ஃபைலை எனக்கு அனுப்பு, பார்க்கிறேன்.

அன்புடன்,
சேகர்