கேஸ் ஷீட்டில் நானே எழுதிய எண்கள்

அன்புள்ள மகளுக்கு,

நர்ஸ் உரிமத்துக்கான என்கிளெக்ஸ் தேர்வுக்காக 2,000 பயிற்சிக் கேள்விகளைப் போட்டு முடித்த பிறகும் மதிப்பெண் நகரவில்லை என்றும், விளக்கத்தைப் படிக்கும்போது எல்லாம் தெரிந்ததாகவே இருக்கிறது என்றும் நேற்று இரவு நீ சொன்னதிலிருந்து, இந்தக் கடிதத்தை மனத்துக்குள் எழுதிக்கொண்டே இருந்தேன். தொடை எலும்பு முறிந்த அந்த இளைஞனைப் பற்றிய கேள்வியை நீ வாசித்துக் காட்டினாய் அல்லவா? இரண்டாம் நாள் அவன் திடீரென்று குழம்பிப் பேசுகிறான், மூச்சு நிமிடத்துக்கு 28, மார்பில் சிறு சிறு ரத்தப் புள்ளிகள். கொழுப்புத் துணுக்கு நுரையீரலில் அடைத்துக்கொள்வதைப் பற்றி உனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அவன் நிலைகொள்ளாமல் இருந்ததை வலி என்று எடுத்துக்கொண்டு, ஆக்சிஜனுக்கு முன்னால் வலி மருந்தைத் தேர்ந்தாய். அதைக் கேட்டதும் எனக்கு என்னுடைய ஓர் இரவு நினைவுக்கு வந்தது. இதுவரை உன்னிடம் அதைச் சொன்னதில்லை.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, பிரசவ வார்டில் நைட் டூட்டி. பிரசவமாகி வந்த ஒரு பெண்ணின் நாடித்துடிப்பை 88 என்று எழுதினேன். அரை மணி நேரம் கழித்து 104, அதன் பிறகு 118. ரத்த அழுத்தம் 110/70 என்று இருந்ததால் என் மனம் அதிலேயே நிம்மதி அடைந்துவிட்டது. தண்ணீர் வேண்டும் என்று இரண்டு முறை கேட்டாள், புரண்டு புரண்டு படுத்தாள். களைப்பு என்று நினைத்தேன். பிரசவத்துக்குப் பிறகு அவள் சிறுநீரே கழிக்கவில்லை என்று அவளுடைய மாமியார் சொன்னதையும் கேட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன். பேடு மேற்பார்வைக்குப் பாதிதான் நனைந்திருந்தது. மூத்த சிஸ்டர் வந்து போர்வையை விலக்கி, இடுப்புக்கு அடியில் கையை நுழைத்துப் பார்த்தபோதுதான், ரத்தம் முதுகுப்புறமாக ஓடித் தேங்கியிருந்தது தெரிந்தது.

கர்ப்பப்பை தொப்புளுக்கு மேலே ஏறி, வலப்புறம் ஒதுங்கி, பிசைந்த மாவு போலத் தளர்ந்து கிடந்தது. அவர் ஒரு கையால் அதன் அடிப்பகுதியைத் தாங்கிக்கொண்டு மறுகையால் மேற்பகுதியைத் தேய்த்தபடியே, டாக்டரைக் கூப்பிடவும் ட்ரிப்பைத் தயார் செய்யவும் சிறுநீரை எடுக்கவும் ஒவ்வொருவருக்கும் வேலை சொன்னார். நிறைந்த சிறுநீர்ப்பை கர்ப்பப்பையைச் சுருங்கவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தது. சிறுநீரை எடுத்து, கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசின் மருந்தும் ஏறிய பிறகு அது கைக்குக் கெட்டியாகத் தட்டுப்பட்டது. அந்தப் பெண் பிழைத்தாள். அதற்கு நான் காரணமில்லை.

அன்று எனக்குத் தெரியாத செய்தி எதுவும் அந்தக் கட்டிலில் இல்லை. இளம் உடல் ரத்தக் குழாய்களை இறுக்கி, இதயத்தை விரைவாக ஓடவிட்டு, அழுத்தத்தைக் கடைசிவரை தாங்கிப் பிடிக்கும் என்பதையும், ஆகவே நாடி முதலில் ஏறி அழுத்தம் பிறகுதான் விழும் என்பதையும் நான் தேர்வில் எழுதியே தேறியிருந்தேன். என் கையெழுத்திலேயே கேஸ் ஷீட்டில் இருந்த மூன்று எண்களை ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

2023 ஏப்ரலில் என்கிளெக்ஸ் மாறியபோது அளக்கத் தொடங்கியது இந்த இடத்தைத்தான் என்று, நீ அனுப்பிய குறிப்புகளைப் படித்தபோது எனக்குப் புரிந்தது. ஒரே நோயாளியின் கேஸ் ஷீட்டை முன்னால் வைத்து, எவை கவனிக்க வேண்டிய குறிகள், அவை சேர்ந்து எதைச் சொல்கின்றன, எந்த ஆபத்து முதலில், என்னென்ன செய்யலாம், எதைச் செய்கிறாய், செய்தது பலித்ததா என்று ஆறு கேள்விகள் வரிசையாகக் கேட்கிறார்கள். மூத்த சிஸ்டர் அன்றைக்குச் செய்ததும் இதே வரிசைதான். கடைசியில் கர்ப்பப்பையை மறுபடியும் மறுபடியும் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாரே, அதுதான் ஆறாவது. நீ நாலாவது ஐந்தாவது படிக்குத் தாவிவிட்டு, முதல் இரண்டையும் கடந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறாய்.

ஆகையால் ஒரு நாளைக்கு 75 கேள்விகள் என்ற கணக்கை விட்டுவிடு. பத்துப் போதும். விடைகளைத் தாளால் மறைத்துக்கொண்டு, இயல்புக்கு மாறானவை எவை, முன்பு இருந்ததைவிட மாறியவை எவை, ஒன்றோடு ஒன்று சேர்பவை எவை என்று எழுதிவிட்டு, அதன் பிறகே விடைகளைத் திற. தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் ஆறில் எந்தப் படியில் வழுக்கினாய் என்று ஓர் ஏட்டில் குறித்துவை. பொருந்துவன அனைத்தையும் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்விகளில் இப்போது ஒவ்வொரு சரிக்கும் ஒரு மதிப்பெண் சேர்ந்து, ஒவ்வொரு தவறுக்கும் ஒன்று கழிகிறது என்பதால், சந்தேகத்துக்கு இன்னொன்றையும் தொட்டுவைக்கும் உன் பழக்கம் உனக்கு நஷ்டம்தான். ஒருமுறை தந்த விடைக்குத் திரும்பிப் போகவும் முடியாது. ஐந்து மணி நேரம் தருகிறார்கள். குறைந்தது 85 கேள்விகள், மிகுந்தால் 150. வேகத்துக்காக நீ பதற வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் வார்டுகளில் முதலில் டாக்டரிடம் சொல் என்றே நாம் பழக்கப்பட்டோம். அந்த இளைஞனுக்கு ஆக்சிஜனை வைத்துவிட்டு அழைப்பதும், அவன் மூச்சுக்குத் திணறும்போது அழைத்துவிட்டுக் காத்திருப்பதும் ஒன்றல்ல. நர்ஸ் தன் கையால் உடனே செய்யக்கூடியது ஏதேனும் இருக்கிறதா என்று, டாக்டரிடம் சொல் என்ற விடையைத் தொடுவதற்கு முன் ஒருமுறை தேடிப் பார்.

குவைத்தில் உன் வார்டில் தினமும் பத்துப் பன்னிரண்டு கேஸ் ஷீட்டுகள் உன் கையில் இருக்கின்றன. டூட்டி மாற்றும்போது ஒரு நோயாளியை எடுத்துக்கொண்டு, நேற்றைய எண்ணையும் இன்றைய எண்ணையும் பக்கத்தில் வைத்துப் படித்துப் பார். அடுத்து உனக்கு ஆஃப் கிடைக்கும் இரவில் என்னை அழைத்து, விடையைச் சொல்லாமல் பயிற்சிக் கேள்வி ஒன்றை மெதுவாக வாசி. நானும் இங்கே தாளும் பேனாவுமாக உட்கார்ந்து குறிகளை எழுதிக்கொள்கிறேன். உன் தாளில் இருப்பதும் என் தாளில் இருப்பதும் எங்கே வேறுபடுகின்றன என்று பார்ப்போம்.

அன்புடன்,
அம்மா